நம் வேலைக் கணக்கு நம் சர்வரில்

2022 ஏப்ரல் 5ஆம் தேதி, ஆஸ்திரேலிய நிறுவனமான அட்லாஸியனின் பொறியாளர்கள் வழக்கொழிந்த ஒரு பழைய செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்குவதற்காக ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். அதற்குக் கொடுத்திருக்க வேண்டியது செயலியின் அடையாள எண்களை. கொடுத்ததோ தளங்களின் அடையாள எண்களை. 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. தரவு பேக்கப்பில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் குறிப்பிட்ட சிலருடையதை மட்டும் பிரித்தெடுத்து மீட்பதற்கு ஆயத்தமான வழி இல்லை. சிலருக்குத் தளம் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

அழிந்தவற்றில் முக்கியமானது ஜிரா. யார் எந்த வேலையை எடுத்திருக்கிறார், எது பாதியில் நிற்கிறது, யாருக்கு எந்தத் தேதியில் எதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம் என்பதையெல்லாம் பதிந்துவைக்கும் மென்பொருள் அது. அதே நிறுவனம், ஜிராவை வாங்கிச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள வழிசெய்த 'சர்வர்' பதிப்புக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15ஓடு நிறுத்திவிட்டது. அப்போது எஞ்சியது ஒன்று அவர்களுடைய கிளவுட், இல்லையென்றால் பெரிய நிறுவனங்களுக்கான விலை மிகுந்த பதிப்பு. பத்துப் பேர் வேலைசெய்யும் ஒரு சிறு அலுவலகத்துக்கு இரண்டாவது வழி கிட்டத்தட்ட அடைபட்டதுதான்.

கிளவுடில் இருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பதிப்பகமோ, தொண்டு நிறுவனமோ, கல்லூரித் துறையோ பல வருடங்களாகச் செய்த வேலையின் முழு வரலாறும் இன்னொருவர் கையில் இருக்கிறது என்றால், அதற்கு மாற்று உண்டா என்று கேட்பது நியாயம். உண்டு. அந்த மாற்றை நிறுவுவது பத்தாண்டுகளுக்கு முன்பு ஒரு நிபுணரின் இரண்டு நாள் வேலை. இப்போது, லினக்ஸ் கட்டளைத் திரையைப் பார்த்துப் பயப்படாத எவராலும் ஒரு மாலைப்பொழுதில் முடியும். காரணம், கன்டெய்னர் என்னும் தொழில்நுட்பம்.

எடுத்துக்காட்டுக்கு ரெட்மைனை எடுத்துக்கொள்வோம். பிரான்சைச் சேர்ந்த ழான்-பிலிப் லாங் 2006இல் ரூபி மொழியில் எழுதி வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. இன்றுவரை பராமரிக்கப்படுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு நிலை, ஒரு கெடு. அந்த எண்ணின்கீழ் நடந்த உரையாடலும் இணைத்த கோப்புகளும் தேதிவாரியாக நிற்கும். கான்ட் வரைபடம், நாட்காட்டி, விக்கிப் பக்கங்கள், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவானது என்ற கணக்கு எல்லாம் உள்ளேயே உண்டு. தோற்றம் பழையபாணி. அதை விரும்பாதவர்கள் ஓபன்புராஜெக்ட் பக்கம் போகலாம். ரெட்மைனிலிருந்து கிளைபிரிந்த சில்லிபுராஜெக்ட்டின் வழிவந்தது அது, தோற்றமும் புதிது. ஆனால் குறைந்தது 4 ஜிபி நினைவகம் கேட்கும். ரெட்மைன் அந்த அளவுக்குப் பசியெடுக்காதது. பத்துப் பதினைந்து பேருக்கு 2 ஜிபி சர்வரே போதும். சிறு அலுவலகத்துக்கு நான் முதலில் சொல்வது ரெட்மைனைத்தான்.

இதைக் கன்டெய்னர் இல்லாமல் நிறுவுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான் கன்டெய்னரின் அருமை புரியும். ரெட்மைனின் ஒவ்வொரு பதிப்பும் ரூபியின் குறிப்பிட்ட சில பதிப்புகளோடு மட்டுமே ஓடும். ரெட்மைனுக்குத் தேவையான ரூபித் துணை நூலகங்கள் பல பத்து. அவற்றில் சிலவற்றைச் சர்வரிலேயே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அதற்குச் சி மொழிக் கருவிகளும் தரவுத்தளத்தின் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். படங்களைச் சிறிதாக்க இமேஜ்மேஜிக் தனியாக. இதையெல்லாம் முடித்து ஓடவைத்த பிறகு, ஆறு மாதம் கழித்து இயங்குதளத்தைப் புதுப்பித்தால் ரூபியின் பதிப்பு மாறும், ரெட்மைன் படுத்துக்கொள்ளும். அதே சர்வரில் இன்னொரு ரூபி மென்பொருள் இருந்து, அதற்கு வேறு பதிப்பு தேவைப்பட்டால் தலைவலி இரட்டிப்பு.

கன்டெய்னர் இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் தீர்க்கிறது. மென்பொருளோடு அதற்கு வேண்டிய ரூபி, நூலகங்கள், இமேஜ்மேஜிக், ஒரு சிறு லினக்ஸ் கோப்பமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரே பொதியாக ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பொதிக்கு இமேஜ் என்று பெயர். அதை இறக்கி ஓடவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிலைக்குக் கன்டெய்னர் என்று பெயர். ஒரே இமேஜிலிருந்து எத்தனை கன்டெய்னர் வேண்டுமானாலும் எழுப்பலாம்.

இது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியா என்று பலர் கேட்பார்கள். இல்லை. கணினிக்குள் கணினியாக நடிப்பது விர்ச்சுவல் மெஷின். அதற்குள் தனி இயங்குதளமே முழுதாகப் பூட் ஆகி ஓடும், நினைவகத்தையும் அதற்கேற்ப விழுங்கும். கன்டெய்னருக்குள், இயங்குதளத்தின் மையமான கெர்னல் தனியாகக் கிடையாது. ஓடுவது சர்வரின் அதே லினக்ஸ் கெர்னலில்தான். சர்வரில் ஓடும் புரோகிராம்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ரெட்மைனின் ரூபி அதில் மற்றவற்றோடு சாதாரணமாக நிற்பதைப் பார்க்கலாம். வேறுபாடு அதன் பார்வையில்தான் இருக்கிறது: அதற்குத் தன் கோப்புகள் மட்டுமே தெரியும், தன் கன்டெய்னரில் ஓடுபவை மட்டுமே தெரியும், தனக்கென்று ஒரு நெட்வொர்க் முகவரி இருக்கும். ஒண்டுக்குடித்தன வீட்டில் கிணறும் முற்றமும் எல்லோருக்கும் பொது, அவரவர் போர்ஷனுக்கு அவரவர் கதவு. கெர்னல்தான் இங்கே அந்தப் பொதுக் கிணறு. கிணற்றில் கோளாறு வந்தால் எல்லாக் குடித்தனத்துக்கும் வரும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கெர்னலைப் புதுப்பிக்காமல் கன்டெய்னரை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பது பாதுகாப்பாகாது.

இந்தத் தடுப்புச் சுவர்களை எழுப்புபவை கெர்னலின் இரண்டு வசதிகள். ஒன்று நேம்ஸ்பேஸ். எதைப் பார்க்கலாம் என்பதை வரையறுப்பது இது. கோப்பமைப்புக்கான நேம்ஸ்பேஸ் 2002லேயே லினக்ஸில் வந்துவிட்டது. மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து முழுமை பெறப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்னொன்று சிகுரூப். எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை வரையறுப்பது. கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் 2006இல் தொடங்கிய இந்த வேலை, 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. ரெட்மைனுக்கு 1 ஜிபிக்கு மேல் கொடுக்காதே என்று சொல்ல முடிவது இதனால்தான்.

ஆக, கன்டெய்னர் என்றதும் பலர் நினைக்கும் டாக்கர் என்ற கருவி கன்டெய்னரைக் கண்டுபிடிக்கவில்லை. யூனிக்ஸில் 1979லேயே இதன் வேர் இருக்கிறது. டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில், அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் ஐந்து நிமிடப் பேச்சில் அதை அறிமுகப்படுத்தினார். அது கொண்டுவந்தது வேறொன்று: இமேஜை அடுக்கடுக்காகக் கட்டும் முறையும், கட்டியதை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொதுக்கிடங்கில் வைக்கும் வழக்கமும். டெபியன் ஓர் அடுக்கு, அதன்மேல் ரூபி, அதன்மேல் ரெட்மைன். மேலடுக்கு மட்டும் மாறினால் அதை மட்டும் இறக்கினால் போதும். இமேஜின் அடுக்குகள் எவையும் மாறாதவை. கன்டெய்னர் ஓடும்போது எழுதுவதெல்லாம் எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தப்பட்ட ஒரு மெல்லிய எழுது அடுக்கில் போய்ச் சேரும். கன்டெய்னரை நீக்கினால் அந்த அடுக்கும் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இனி நிறுவுதல். ரெட்மைனுக்கு இரண்டு கன்டெய்னர் வேண்டும்: ரெட்மைன் ஒன்று, அதன் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் இன்னொன்று. தரவுத்தளம் எதையும் குறிப்பிடாவிட்டாலும் ரெட்மைன் இமேஜ் ஓடும். எஸ்கியூலைட் என்னும் ஒற்றைக்கோப்புத் தரவுத்தளத்தைத் தானே வைத்துக்கொள்ளும். தொட்டுப் பார்க்க அது போதும், பலர் புழங்கும் அலுவலகத்துக்கு ஆகாது. இரண்டு கன்டெய்னரையும் ஒவ்வொன்றாகக் கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டியதில்லை. டாக்கர் கம்போஸ் என்ற கருவிக்கு ஒரு சிறு உரைக் கோப்பு எழுதிக் கொடுத்தால் போதும். எந்த இமேஜ், எந்தப் பதிப்பு, எந்தக் கடவுச்சொல், வெளியே எந்தப் போர்ட், எந்தக் கோப்புறை எங்கே வாழவேண்டும் என்பதெல்லாம் அதில் இருபது முப்பது வரிக்குள் அடங்கிவிடும். பிறகு 'டாக்கர் கம்போஸ் அப்' என்று ஒரே கட்டளை. இமேஜ்கள் இறங்கும், தரவுத்தளம் எழும், ரெட்மைன் தன் அட்டவணைகளைத் தானே உருவாக்கிக்கொண்டு 3000ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கம்போஸ் கோப்பில் தரவுத்தளத்துக்கு என்ன பெயர் வைத்தோமோ அந்தப் பெயரே ரெட்மைனுக்கு அதன் முகவரி. அந்த உரைக் கோப்புதான் இனி உங்கள் சர்வரின் ஆவணம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்தாலும் என்ன செய்திருக்கிறோம் என்று அதைப் படித்தே அறியலாம். கன்டெய்னரின் பெரிய கொடை வேகம் அல்ல, இந்தத் தெளிவுதான் என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். போஸ்ட்கிரஸுக்குக் கம்போஸ் கோப்பில் கொடுக்கும் கடவுச்சொல், தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு கோப்பில் அதை மாற்றினால் தரவுத்தளத்தில் பழையதே இருக்கும், ரெட்மைன் உள்ளே போக முடியாமல் நிற்கும். மாற்ற வேண்டுமானால் தரவுத்தளத்துக்குள்ளேயே போய் மாற்ற வேண்டும்.

முதலில் உள்ளே நுழையப் பயனர்பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். இது உலகத்துக்கே தெரியும் என்பதால் அதை மாற்றுவதே முதல் வேலை. நிர்வாகப் பக்கத்தில் இயல்பு அமைப்பை ஏற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் வேலை வகைகள், நிலைகள், பொறுப்புகள் எல்லாம் தயாராகக் கிடைக்கும். அடுத்து செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். ரெட்மைன் திறந்த மூலத் திட்டங்களை மனதில் வைத்துப் பிறந்தது. அதனால் புதிய திட்டங்கள் இயல்பாகவே பொதுவானவை, உள்நுழையாதவரும் அவற்றைப் பார்க்கலாம். அலுவலகப் பயன்பாட்டுக்கு இந்த இரண்டு அமைப்பையும் உடனே மாற்றிவிட வேண்டும்.

வெளியுலகுக்குக் கதவைத் திறக்கும் இடத்தில் டாக்கர் தரும் ஓர் ஆபத்து இருக்கிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வாலை வைத்து எல்லாப் போர்ட்டையும் மூடியிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்போம். டாக்கர் ஒரு போர்ட்டைத் திறக்கும்போது கெர்னலின் வடிகட்டி விதிகளில் தானே நேரடியாக எழுதிவிடும். யுஎஃப்டபிள்யூவின் தடை அந்தப் போக்குவரத்துக்குச் செல்லாது. மூடிய கதவு என்று நினைத்தது திறந்தே கிடக்கும். தீர்வு எளிது. தரவுத்தளத்தின் போர்ட்டை வெளியே திறக்கவே கூடாது; இரண்டு கன்டெய்னரும் உள் நெட்வொர்க்கிலேயே பேசிக்கொள்ளும். ரெட்மைனின் போர்ட்டை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு மட்டும் கட்டிவிட்டு, முன்னால் கேடி போன்ற ஒரு வெப் சர்வரை நிறுத்த வேண்டும். கேடி, லெட்ஸ் என்கிரிப்ட்டிலிருந்து சான்றிதழை இலவசமாக வாங்கி, காலாவதியாகும் முன் தானே புதுப்பித்தும்கொள்ளும். அலுவலகத்துக்கு வெளியிலிருந்து யாரும் பார்க்கத் தேவையில்லை என்றால் இணையத்துக்கே திறக்காமல் விடுவது இன்னும் நல்லது.

அலுவலகத்து மூலையில் ஒரு பழைய கணினியிலேயே இதை ஓட்டுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. கம்போஸ் கோப்பில் 'ரீஸ்டார்ட்' என்ற அமைப்பைக் கட்டாயம் சேருங்கள். கரன்ட் போய் வந்தால் கணினி எழும்போது கன்டெய்னர்களும் தானாக எழும். இன்னொன்று, கன்டெய்னருக்குள் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கன்டெய்னருக்குள் இரவு 2 மணிக்கு என்று வைத்த பேக்கப், காலை 7.30க்கு ஓடும்.

இப்போது அந்த எழுது அடுக்குக்கு வருவோம். கன்டெய்னரை நீக்கினால் உள்ளே எழுதியது போய்விடும் என்றால், நம் வேலை வரலாறு எங்கே தங்கும்? வால்யூம் என்னும் இடத்தில். அது சர்வரின் வட்டில் கன்டெய்னருக்கு வெளியே வாழும் கோப்புறை. உள்ளிருக்கும் ஒரு பாதையில் அதைப் பொருத்திவிட்டால், கன்டெய்னர் எழுதுவது நேராக அங்கே போய்ச் சேரும். ரெட்மைனுக்கு இப்படி இரண்டு வால்யூம் வேண்டும்: போஸ்ட்கிரஸின் தரவு ஒன்று, ரெட்மைனில் இணைக்கும் கோப்புகள் ஒன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிக்கெட்டுகள் என்னும் வேலைப் பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்க, இணைத்த பிடிஎஃப்களையும் படங்களையும் மட்டும் காணாத நிலை அதனால்தான் வருகிறது. இரண்டுக்கும் பெயர் வைத்து, கம்போஸ் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

'டாக்கர் கம்போஸ் டவுன்' என்ற கட்டளை கன்டெய்னர்களை நீக்கும், பெயரிட்ட வால்யூம்களைத் தொடாது. மறுபடி 'அப்' கொடுத்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே கட்டளையோடு 'வி' என்ற ஒற்றை எழுத்துத் தெரிவைச் சேர்த்தால் வால்யூம்களும் சேர்ந்து அழியும். கேள்வி எதுவும் கேட்காது.

வால்யூம் பேக்கப் ஆகாது. வட்டு கெட்டால் வால்யூமும் கெடும். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸின் வால்யூமை அப்படியே நகலெடுத்து வைப்பதும் பேக்கப் ஆகாது. நகலெடுக்கும் நேரத்தில் கோப்புகள் மாறிக்கொண்டிருக்கும், மீட்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம். தரவுத்தளத்துக்கென்றே உள்ள டம்ப் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அந்தக் கருவியிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழிக்கத் தொடங்கிவிட்டார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் அது காலி. காரணம், சர்வரில் ஓடியது போஸ்ட்கிரஸ் 9.6, டம்ப் கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் டம்ப் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழை வந்தால் அனுப்ப வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்த வட்டுப் பிரதி ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணியையே யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த நேர்மையால்தான் இத்தனை விவரமும் நமக்குத் தெரிகிறது.

கன்டெய்னர் முறையில் இந்தப் பதிப்புப் பொருத்தமின்மையைச் சுலபமாகத் தவிர்க்கலாம். சர்வரில் தனியாக டம்ப் கருவியை நிறுவாமல், போஸ்ட்கிரஸ் கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும் கருவியை வெளியிலிருந்து அழைத்து ஓட்டினால் இரண்டும் எப்போதும் ஒரே பதிப்பு. இரவுதோறும் அந்த டம்ப், இணைப்புக் கோப்புகளின் நகல், கம்போஸ் கோப்பு, கடவுச்சொற்கள் உள்ள கோப்பு ஆகிய நான்கும் வேறொரு கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். அதே சர்வரின் இன்னொரு கோப்புறையில் வைப்பது கணக்கில் வராது.

புதுப்பித்தலிலும் இதே எச்சரிக்கை தேவை. இமேஜின் பெயரோடு 'லேட்டஸ்ட்' என்று போட்டுவிட்டால் எப்போதும் புதியதாக இருக்குமே என்று தோன்றும். ரெட்மைனுக்கு அதுவே சிக்கல். நீங்கள் சேர்த்த பிளகின்கள் புதிய பெரிய பதிப்பில் ஓடாமல் போகலாம். போஸ்ட்கிரஸுக்கு அது நிச்சயச் சிக்கல். 16இன் தரவுக் கோப்புறையை 17 திறக்காது, எழவே மறுத்துவிடும். 18இல் வால்யூமைப் பொருத்த வேண்டிய பாதையே மாறிவிட்டது. ஆகவே இரண்டுக்கும் பதிப்பு எண்ணை எழுதியே வைக்க வேண்டும். சிறு திருத்தப் பதிப்புகளைத் தயங்காமல் எடுக்கலாம். போஸ்ட்கிரஸில் பெரிய பதிப்புக்குப் போக வேண்டுமானால் பழையதில் டம்ப் எடுத்து, புதியதைக் காலி வால்யூமோடு எழுப்பி, அதில் டம்பை ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு, மாதம் ஒரு மணி நேரமாவது சர்வரைக் கவனிக்க ஓர் ஆள் நம்மிடம் இல்லையே என்று தோன்றினால், கிளவுடிலேயே இருங்கள்; அங்கிருந்து தரவை அவ்வப்போது ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க ஆளில்லாத சொந்த சர்வர் கிளவுடை விட ஆபத்தானது. ஆள் இருக்கிறார் என்றால், சொந்தமாக நடத்துவது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தொடங்குபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ரெட்மைன் ஓடத் தொடங்கியதும் அலுவலகத்தாருக்கு முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். சோதனைக்கு நாலைந்து டிக்கெட் போட்டு, தமிழில் பெயரிட்ட ஒரு பிடிஎஃப்பை அதில் இணைத்து, பேக்கப் எடுங்கள். டாக்கர் மட்டும் நிறுவிய வேறொரு கணினிக்கு அந்த நான்கையும் கொண்டுபோய், அங்கே ரெட்மைனை எழுப்புங்கள். அதே டிக்கெட்டைத் திறந்து அதே பிடிஎஃப் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு முகவரியைக் கொடுங்கள்.